பழைய கித்தாருக்கு வயது என்ன?

சென்ற ஆண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில், பாட்டறையைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பதினோராம் வகுப்பினராகிய எங்களுக்கு வந்தது. ஒட்டடை அடித்து, கால் உடைந்த பெஞ்சுகளை வெளியேற்றி, பெரிய ஆர்மோனியத்தை நான்கு பேராகச் சேர்ந்து நகர்த்தியபோது, சுவரோடு சாய்ந்து ஒரு கறுப்புப் பெட்டி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கித்தார்! ஆறு கம்பிகளில் இரண்டே மிச்சம். முகப்புப் பலகையில் ஒரு விரற்கடை நீளத்திற்கு வெடிப்பு. தலைப்பகுதியில் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு கம்பிகளில் ஒன்றைச் சுண்டியவுடன் எழுந்த நாதம் எங்கள் எல்லாரையும் ஒரு கணம் பேச்சற்றவர்களாக்கிவிட்டது.

பாட்டு சிஸ்டரிடம் ஓடினோம். அவர்கள் இப்பள்ளிக்கு வந்து ஒன்பது ஆண்டுகளே ஆகின்றன. தாம் வரும்போதே அது அங்கே இருந்தது என்றார்கள். அந்த வாரமே ஆக்கர் கடைக்காரர் உடைந்த பெஞ்சுகளை எடுக்க வந்தார். கித்தாரையும் தூக்கிப் பார்த்து, "இது விறகுக்குத்தான் ஆகும் மக்களே, நூற்றைம்பது ரூபாய் தாறேன்" என்றார். இரண்டு நாள் கழித்து, மாணவி ஒருத்தியின் அண்ணனுடைய நண்பர் ஒருவர் வந்தார். "சிஸ்டர், இது ஸ்பெயினில் செய்த பழைய உருப்படி. எட்டாயிரம் தருகிறேன். வெளியூரில் கொண்டுபோய் இன்னும் கூடுதலாக விற்கலாம்" என்றார்.

நூற்றைம்பதா, எட்டாயிரமா? பாடகர் குழுவுக்குப் புதிய மைக் வாங்க வேண்டியிருந்த நேரம் அது. எட்டாயிரத்தைப் பெற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று எங்களில் சிலர் நினைத்தோம். சிஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இது ஸ்பெயினில் செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதற்குப் பெயர் என்ன?" எங்களுக்குப் பதில் வரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும், அதற்குள் அது என்ன கித்தார், எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று எங்களுக்குத் தவணை தந்தார்கள். அப்படித்தான் நாங்கள் நூல் தேடத் தொடங்கினோம்.

முதலில் செய்ததைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினோம். முன்பக்கப் படத்திற்கு இத்தாலி என்றது. பின்பக்கப் படத்திற்கு ஜப்பான் என்றது. பெட்டியோடு சேர்த்து எடுத்ததற்கு 'வயலின்' என்று விடை வந்தது! பிறகு பள்ளி நூலகம். இசை என்ற தலைப்பின்கீழ் பதினொரு நூல்கள். பத்து நூல்கள் பாட்டுப் புத்தகங்கள். ஒன்று கித்தார் வாசிக்கக் கற்பிக்கும் நூல். வாசிக்கக் கற்பிக்கும் நூலுக்கும், கருவியைப் பற்றிச் சொல்லும் நூலுக்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரெல்லாம் சைக்கிளின் வயதைச் சொல்லிவிட முடியுமா என்ன?

உதவி வேறு திசையிலிருந்து வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் மாமா கப்பலில் வேலை செய்பவர், கித்தார் பிரியர். விடுமுறையில் வந்திருந்த அவர் இரண்டு நூல்களை இரண்டு வாரத்திற்கு இரவல் கொடுத்தார். ஒன்று பளபளப்பான காகிதத்தில் பக்கத்திற்குப் பக்கம் வண்ணப் படங்கள் நிறைந்தது. அதை முதல் நாளே எங்களுக்குள் இழுபறி செய்து பார்த்து முடித்துவிட்டோம். மற்றொன்று ஜார்ஜ் குரூன், வால்ட்டர் கார்ட்டர் என்னும் இருவர் எழுதி 1991இல் முதலில் வெளிவந்த கையேடு. படங்கள் குறைவு. பட்டியலும் பொடி எழுத்துமாக இருந்ததால் முதல் வாரம் அதை யாரும் தொடவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது, எங்களுக்கு வேண்டியது இதுதான் என்று. படப் புத்தகம் கித்தாரின் அழகைச் சொன்னது. எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லவில்லை. கையேடோ, இன்ன கம்பெனி, இன்ன மாதிரி, இன்ன ஆண்டில் தலையின் வடிவம் மாறியது, இன்ன ஆண்டில் பாலம் மாறியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தது.

அமெரிக்கக் கித்தார்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் எழுத முடிந்தது எப்படி? அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதே விடை. மார்ட்டின் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் தொடங்கியது அது. பின்னர் நாசரேத்துக்குப் போனது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் அன்று, பென்சில்வேனியாவின் நாசரேத்! 1898இல் அவர்கள் கித்தார்களுக்கு வரிசை எண் குத்தத் தொடங்கியபோது ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. அதுவரை ஏறத்தாழ 8,000 கித்தார்கள் செய்திருப்போம் என்று கணக்கிட்டு அங்கிருந்து தொடங்கினார்கள். எந்த ஆண்டு எந்த எண்ணோடு முடிந்தது என்ற பட்டியலும் உண்டு. அக்கம்பெனியிலேயே வேலை பார்த்த மைக் லாங்வொர்த் 1975இல் அதன் வரலாற்றை நூலாக எழுதினார். ஆகவே இன்று ஒரு மார்ட்டின் கித்தாரின் உள்ளே உள்ள எண்ணைப் படித்தால், ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகூட அதன் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி இருப்பதற்கும் இல்லை. கிப்ஸன் கம்பெனி 1960களில் ஒரே எண்ணைப் பல கித்தார்களுக்கு மறுபடியும் மறுபடியும் போட்டிருக்கிறது. எனவே எண்ணோடு மரத்தையும் திருகாணியையும் சாவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல குறிப்பு நூல் எது என்று இங்கேதான் நாங்கள் கற்றோம். தன் பட்டியல் எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதையும் எந்த நூல் நம்மிடம் மறைக்காமல் சொல்கிறதோ, அதைத்தான் நம்பலாம்.

அந்தக் கையேட்டில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. மார்ட்டின் கம்பெனி நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தையே பயன்படுத்தி வந்தது. 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்றால் என்ன? நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரமே! பழைய வீடுகளில் பாட்டியின் கட்டிலும் அலமாரியும் செய்த அதே ஈட்டி. அமெரிக்காவில் ஒருவர் தம் கித்தாரின் வயதை அறிய நம் மலை மரத்தின் நிறத்தை உற்றுப் பார்க்கிறார். இங்கே நாமோ, அந்த மரத்தை இறக்கிய ஊர்க்காரர்களாக இருந்தும், நம் பாட்டறையில் நிற்கும் கித்தார் எந்த மரம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தோம்.

ஊரிலுள்ள ஆசாரி ஒருவரை அழைத்து வந்தோம். விரல் முட்டியால் முதுகுப் பலகையைத் தட்டினார். ஒலித் துளையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "முன்பலகை ஒற்றை மரம். முதுகு பிளைவுட், மேலே மட்டும் ஈட்டித் தோல் ஒட்டியிருக்கு" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். முதுகு பிளைவுட் என்றதும் எங்கள் முகம் வாடியதைக் கண்டு மாமா சிரித்தார். ஸ்பெயின் நாட்டில் டோரஸ் என்று ஒரு பெருங்கலைஞர் இருந்தார் (1817–1892). இன்றைய கித்தாரின் உருவத்தையே வகுத்தவர் அவர் எனலாம். கித்தாரின் ஓசைக்கு முன்பலகையே உயிர் என்று காட்டுவதற்காக, முதுகையும் பக்கங்களையும் வெறும் அட்டையால் செய்து 1862இல் ஒரு கித்தார் கட்டினார். அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் செய்த கித்தார்களைத் தேடித் தேடி அளந்து, ரோமானில்லோஸ் என்பவர் 1987இல் ஒரு நூல் எழுதினார். அவரும் கித்தார் செய்பவரே. உளி பிடித்த கை எழுதிய நூல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு என்று மாமா சொன்னார். எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது.

சரி, எங்கள் கித்தாருக்கு வருவோம். ஒலித் துளைக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது ஒரு சீட்டு தெரிந்தது. பூச்சி அரித்து, கடையின் பெயர் போய்விட்டது. அடிவரி மட்டும் மிச்சம்: 'மவுண்ட் ரோடு, மதராஸ்–2'. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மண்டையை உடைத்தோம். முடிச்சை அவிழ்த்தவர் இசை தெரிந்தவர் அல்லர். ஓய்வுபெற்ற தபால்காரரான ஒரு மாணவியின் தாத்தா. "ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மதராஸ்–1, மதராஸ்–2 என்றுதான் எழுதுவோம்" என்றார். ஆகவே அந்தச் சீட்டு அச்சானது 1972க்கு முன்பாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றே சொல்கிறோம். பழைய சீட்டுகள் கட்டுக்கட்டாய் மிஞ்சியிருந்தால் கடைக்காரர் அதற்குப் பிறகும் ஒட்டியிருப்பார் அல்லவா? அதுவும் விற்ற கடையின் சீட்டே தவிர, செய்தவரின் சீட்டு அன்று. அடுத்து, சாவிகளைப் பிடித்திருந்த திருகாணிகள் ஸ்டார் ஸ்க்ரூ வகை. அந்த வகைக்கு அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் உரிமை பெற்றது 1936இல். திருகாணிகள் மாற்றப்படாதவை என்றால், கித்தார் அதற்கு முந்தையது ஆகாது. ஆக, 1936க்கும் 1970களுக்கும் இடையில். அகலமான இடைவெளிதான், ஆனாலும் 'ஸ்பெயின்', 'விறகு' என்ற இரண்டு சொற்களையும்விட இது உண்மைக்கு அருகில் இருந்தது.

கடைசியாக, பள்ளி அலுவலகத்தில் பழைய இருப்புப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டோம். தூசியில் தும்மிக்கொண்டே மூன்று நாள் புரட்டினோம். 1974ஆம் ஆண்டுப் பதிவேட்டில், அழகான சாய்வெழுத்தில், ஒரே ஒரு வரி கிடைத்தது: 'கித்தார் – 1 (பழையது)'.

1974லேயே பழையது! யார் கொடுத்தது, என்ன விலை, எங்கே வாங்கியது என்று இன்னும் நான்கு சொற்கள் அங்கே இருந்திருந்தால் எங்கள் ஆறு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரியை எழுதிய கையைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகு, கோயில் பாடகர் குழுக்களில் மக்கள் மொழிப் பாட்டும் புதிய கருவிகளும் வரத் தொடங்கிய காலம் அது. அன்று கித்தார் புதுமை. வாசிப்பதிலேயே எல்லாருக்கும் ஆர்வம். அதன் வரலாற்றை எழுதி வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

நாங்கள் சொல்ல வந்த கருத்து இங்கேதான் இருக்கிறது. இந்தியாவிலும் கித்தார் செய்யப்படுகிறது; கொல்கத்தாவின் கிவ்ஸன் போன்ற பெயர்களை நம் ஊர் இசைக்கருவிக் கடைகளிலேயே காணலாம். ஆனால் இன்ன பட்டறை, இன்ன ஆண்டு, இன்ன எண் என்று சொல்லும் நூல் ஒன்றுகூட எங்கள் தேடலில் அகப்படவில்லை. கித்தார் வெளிநாட்டுக் கருவிதானே, போகட்டும் என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் நம் கருவிகளின் நிலை என்ன?

யாழை நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரம் முழுவதும் யாழ் ஒலிக்கிறது. ஆனால் அதைக் கண்ணால் கண்டவர் இன்று ஒருவரும் இல்லை. அதன் நீளம், நரம்பு, பத்தர் இவற்றை அளந்து எழுதிய கைவினைஞர் குறிப்பு ஏதும் நம் கைக்கு வந்து சேரவில்லை. இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், பாட்டு வரிகளையும் உரைகளையும் கணக்கையும் வைத்துக்கொண்டு, பதினான்கு ஆண்டு உழைத்து அதன் இலக்கணத்தை மீட்க வேண்டியிருந்தது. அவருடைய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; மறுமாதமே அவர் காலமானார். அவருக்கு முன்பே, தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஆயிரம் பக்கங்களுக்கும் மேலான கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டார். தொலைந்தபின் தேடுவதற்கு இத்தனை பெரியவர்களின் ஆயுள் செலவாகிறது. இருக்கும்போது அளந்து எழுதுவதற்கோ, ஓர் அளவுகோலும் ஒரு மாலை நேரமும் போதும்.

நம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டைச் சொல்கிறோம். கோயில் கொடைகளிலே கேட்டிருக்கிறோம். வேதாகமக் கதைகளை வில்லில் பாடவும் கேட்டிருக்கிறோம். வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை இவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு பழைய வில்லின் நீளம் எத்தனை அடி, அது பனையா மூங்கிலா, மணிகள் எத்தனை, எந்த இடைவெளியில் கட்டியவை, நாணுக்கு எந்தத் தோல் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டை நேரில் இருந்து கேட்டு ஆராய்ந்து, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1988இல் ஒரு நூல் எழுதினார். அதை வெளியிட்டது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். பென்சில்வேனியா! கித்தாருக்குக் கணக்கு வைத்த அதே மாநிலத்தில் நம் வில்லுக்கும் புத்தகம் அச்சாகியிருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நன்றியோடு கொஞ்சம் கூச்சமும் உண்டு.

தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் உடைந்த கித்தாரோடு காலம் கழிப்பதா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் காலாண்டு மதிப்பெண்களும் அவர் பக்கமே சாட்சி சொன்னன. ஆயினும் ஒரு வரியை நம்புவதற்கு முன்பு 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்க நாங்கள் பழகியது இந்த ஆறு மாதத்தில்தான். இப்போது வரலாற்றுப் பாடநூலையும் அப்படித்தான் படிக்கிறோம். ஆசிரியைக்கு அதில் சற்றுத் தொல்லைதான்.

எங்கள் நூலகத்திற்கு விலையுயர்ந்த படப் புத்தகங்கள் வேண்டாம். அமெரிக்கக் கையேடுகளும் இப்போதைக்கு வேண்டாம். மாமாவிடம் இருப்பது போதும். இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1965இல் வெளியிட்ட எஸ். கிருஷ்ணசாமியின் இசைக்கருவி நூல், பி. சைதன்ய தேவா 1978இல் எழுதிய பெரிய நூல், சென்னை அரசு அருங்காட்சியகத்துக் கருவிகளுக்குப் பேராசிரியர் சாம்பமூர்த்தி 1931இல் தொகுத்த பட்டியல் ஆகிய மூன்றில் எது பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் வாங்கித் தருமாறு தாளாளர் அவர்களைப் பணிவுடன் கேட்கிறோம். சாம்பமூர்த்தியின் பட்டியல்தான் எங்களுக்கு முன்மாதிரி. கண்ணெதிரே இருந்த கருவிகளை ஒவ்வொன்றாய் எடுத்து எழுதியது அது. அதைத்தான் நாங்களும் செய்ய விரும்புகிறோம்.

கித்தாரை விற்கவில்லை. எட்டாயிரம் தருவதாகச் சொன்னவரிடம், நாங்கள் கண்டறிந்ததை அப்படியே சொன்னோம். அவர் பிறகு வரவில்லை. ஆசாரி வெடிப்பை ஒட்டித் தந்தார். புதுக் கம்பிகளின் விலை எங்கள் கைக்காசு. கிறிஸ்துமஸ் பாடல்களில் ஒன்றுக்கு அது ஒலித்ததைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

பாட்டறை ஆர்மோனியத்தின் மேல் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் கித்தார்: நீளம், அகலம், மரம், திருகாணி, சீட்டின் வரி, 1974ஆம் ஆண்டுப் பதிவேட்டின் பக்க எண் வரை எழுதியிருக்கிறோம். இரண்டாம் பக்கத்தில் ஆர்மோனியம். மூன்றாம் பக்கத்தில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய வில். அதற்கு மணிகள் ஒன்பது, இரண்டு உடைந்தவை. முதல் பக்கத்தில் 'கொடுத்தவர்' என்ற கட்டமும், 'முதலில் வாசித்தவர்' என்ற கட்டமும் மட்டும் காலியாக இருக்கின்றன. 1974இலோ அதற்கு முன்போ இப்பள்ளியில் படித்த தாய்மார்களும் பாட்டிமார்களும் இவ்விதழைப் படிக்க நேர்ந்தால், உங்கள் காலத்துப் பாடகர் குழுவில் கித்தார் வாசித்தவர் யார் என்று பாட்டு சிஸ்டருக்கு ஒரு வரி எழுதியனுப்புங்கள். பேனா நோட்டிலேயே கட்டியிருக்கிறது.